சரளைக்குக் கீழே பனி

கனடாவின் யூகான் பகுதியில் உள்ள வொயிட்ஹார்ஸ் நகரில் வண்டியை ஒப்படைத்தவர் எங்களுக்கு முதலில் காட்டியது டயர்களை. பிறகுதான் படுக்கை, அடுப்பு எல்லாம். பிக்கப் டிரக்கின் முதுகில் ஓர் அறையைத் தூக்கி வைத்த கேம்பர் அது. டிரைவர் தலைக்கு மேலே இருவர் படுக்க இடம், இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, இடுப்பு உயர ஃப்ரிட்ஜ். நடுவில் உள்ள இடத்தில் ஒருவர் நின்று சமைத்தால் மற்றவர் உட்கார்ந்தே ஆகவேண்டும். வாடகை ஒரு நாளைக்கு 300 கனடிய டாலரை ஒட்டி வந்தது. வடக்கே ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிப் போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் போவதற்குத் தனிக் கட்டணம். பல கம்பெனிகள் அந்தச் சாலைக்கு வண்டியே கொடுப்பதில்லை. இவர் இரண்டு ஸ்டெப்னி போட்டுக் கொடுத்தார். ஜாக்கி வைத்து டயர் மாற்றத் தெரியுமா என்று என் கணவரையும் என்னையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டார்.

அவர் சொன்னதில் இரண்டு விஷயங்கள் மனதில் நின்றன. டூம்ஸ்டோன் மலைகளைத் தாண்டிவிட்டால் பார்க்க ஒன்றுமில்லை, வெறும் புதரும் சேறும்தான் என்பது ஒன்று. வடக்கே போகப் போக நிலத்துக்கு அடியில் முழுக்கப் பனிக்கட்டி என்பது மற்றொன்று. முதலாவதை நான் நம்பவில்லை. இரண்டாவதைக் கண்ணால் பார்க்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்தேன். ஆகஸ்ட் கடைசி. வெயில் அடிக்கிறது, புல் இன்னும் பச்சையாக நிற்கிறது. இதற்குக் கீழே ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கரையாத பனி இருக்கிறதென்றால் எங்கே அது? வண்டியின் கருவிப் பெட்டியில் முக்கால் மீட்டர் நீளத்துக்கு ஒரு கூர்முனைக் கம்பி கிடந்தது. அதை எடுத்து இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

வொயிட்ஹார்ஸிலிருந்து டாசன் நகரம் 530 கிலோமீட்டர் சொச்சம். 1896இல் க்ளோண்டைக் ஆற்றுப் பக்கம் தங்கம் கிடைத்தபின் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்த ஊர். பெரும்பாலான தெருக்களுக்கு இன்றும் தார் கிடையாது. மண் தெரு, ஓரத்தில் பலகை நடைபாதை. மூன்றாம் அவென்யூவில் பழைய மரக்கட்டடங்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. 1900களின் தொடக்கத்தில் கட்டியவை. முத்தமிடும் கட்டடங்கள் என்று பெயர் வைத்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். சுவரின் கீழ்ப் பலகைகள் மண்ணுக்குள் போயிருந்தன. ஜன்னல் சட்டம் சதுரம் இழந்து கோணியிருந்தது. உறைந்த நிலத்தின்மேல் நேரடியாக வீடு கட்டி, உள்ளே கணப்பு மூட்டினால் அந்தச் சூடு கீழே இறங்குகிறது. பனி கரைகிறது, மண் அமுங்குகிறது, கட்டடம் சாய்கிறது. அடியில் பனி இருக்கிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் சாட்சி இதுதான். ஆனால் பனியை இன்னும் பார்க்கவில்லை.

டாசனில் டேங்கை நிரப்பிக்கொண்டு 40 கிலோமீட்டர் கிழக்கே திரும்பி வந்தால் டெம்ப்ஸ்டர் தொடங்கும் முனை. அடுத்த பெட்ரோல் 370 கிலோமீட்டருக்கு அப்பால் என்று பலகை சொல்கிறது. ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய மரத்தளப் பாலத்தைக் கடந்த சற்று நேரத்தில் தார் முடிந்து சரளை வருகிறது. செல்போனில் சிக்னலும் அதோடு போய்விடுகிறது.

சரளைச் சாலை என்றதும் நம் ஊர்க் கப்பி ரோடு நினைவுக்கு வரலாம். இது வேறு. இறங்கி ஓரத்தில் நின்றால் சாலை என் தலைக்கு மேலே இருந்தது. இந்தச் சாலையைப் போட 1959இல் தொடங்கினார்கள். இடையில் வேலை நின்றது. பிறகு மறுபடி எடுத்து 1979இல் திறந்தார்கள். வழக்கம்போல மண்ணை வெட்டிச் சமப்படுத்தியிருந்தால் பனி வெயில் பட்டுக் கரைந்து சாலையே விழுங்கப்பட்டிருக்கும். அதனால் நிலத்தைத் தொடாமல், அதன்மேல் 1.2 முதல் 2.4 மீட்டர் வரை சரளையைக் கொட்டிக் குவித்து, அந்தக் குவியலின்மேல் சாலையை ஓட்டியிருக்கிறார்கள். ஐஸ்கட்டி கரையாமலிருக்க உமியில் புதைத்துச் சாக்குப் போட்டு மூடுவோமே, அந்த வேலையை இங்கே கல் செய்கிறது. 736 கிலோமீட்டருக்கு.

71ஆவது கிலோமீட்டரில் டூம்ஸ்டோன் பூங்காவின் தகவல் மையம். பக்கத்திலேயே முகாம் இடம். வாசலில் ஓர் உறை இருக்கிறது. அதில் 20 டாலரைப் போட்டு, வண்டி எண்ணை எழுதி, இரும்புப் பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டியதுதான். விறகு இலவசம். ஸ்ப்ரூஸ் கட்டைகளைக் குவித்து வைத்திருக்கிறார்கள், நாமே கோடரியால் பிளந்துகொள்ளலாம். புகையில் மரப்பிசின் வாசனை. குக்கரில் சோறு வைத்து ரசம் கொதிக்கும்போதுதான் கவனித்தேன், அஞ்சறைப் பெட்டியின் மூடிக்குள் வரை சாம்பல் நிறப் புழுதி புகுந்திருந்தது. அன்று முதல் மிளகாய்ப்பொடியும் மஞ்சள்பொடியும் பிளாஸ்டிக் பைக்குள் போயின.

மறுநாள் நார்த் ஃபோர்க் கணவாய். சாலையின் மிக உயரமான இடம் இது, சுமார் 1,300 மீட்டர். மரங்கள் முடிந்துவிட்டன. முழங்கால் உயரக் குட்டை பிர்ச் செடிகள் மலைச்சரிவு முழுக்கச் சிவந்து கிடந்தன. அந்தச் சிவப்புக்குள் மஞ்சள் வில்லோ, அதற்கும் கீழே வெளிறிய பாசி. ஒரு நடுத்தர வயதுப் பெண் வாளியோடு குனிந்து அவுரிநெல்லி பறித்துக்கொண்டிருந்தாள். நாங்களும் இறங்கிப் பறித்தோம். கையெல்லாம் ஊதா, நாக்கில் புளிப்பு.

அங்கேதான் கம்பியை முதலில் இறக்கிப் பார்த்தேன். பாசிக்குள் தடையில்லாமல் போனது. பிறகு ஈரக் கரிமண். முழங்கையளவு போனதும் டங்கென்று நின்றது. கல்லாக இருக்கும் என்று இரண்டடி தள்ளிக் குத்தினேன். அங்கேயும் அதே ஆழத்தில் நின்றது. இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி. கல் என்றால் ஓரிடத்தில் மேலே இருக்கும், ஓரிடத்தில் கீழே இருக்கும். இது எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மட்டம். குத்திய துளையை அகலமாக்கிக் கையை விட்டேன். மேல் மண் சும்மா குளிர்ந்திருந்தது. அடியில் விரல் பட்ட இடம் சுரீர் என்றது. கோடை முழுவதும் அடித்த வெயிலால் கரைக்க முடிந்தது அரை மீட்டருக்கும் குறைவான மண்ணைத்தான்.

“ஏங்க, நீங்களும் கையை விட்டுப் பாருங்க” என்றேன். பார்த்துவிட்டு அவர் கையைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்ததும் அதுதான். வட ஓகில்வி மலைகளின் பெரும்பகுதியைப் பனியுகத்தின் பனியாறுகள் மூடவில்லை. அதனால் உச்சியில் பாறைகள் மழுங்காமல் கூராக நிற்கின்றன. எஞ்சினியர் ஓடையை நெருங்கும்போதே கந்தக வாசனை ஜன்னல் வழியாக வந்தது. ஓடைக் கற்கள் இரும்புத் துரு ஏறிச் செம்பழுப்பாகக் கிடந்தன. சில இடங்களில் சாலை திடீரென்று இரண்டு மடங்கு அகலமாகிறது. அவசரத்துக்கு விமானம் இறங்குவதற்கான ஓடுதளம் அது, சாலையும் அதுவே. எதிரே லாரி வரும்போது புழுதித் திரை அரை கிலோமீட்டருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினால் அவர்களும் குறைத்துக் கையசைத்துப் போகிறார்கள். டயரைக் கிழிக்கும் கல் பற்றித்தான் எல்லோரும் எச்சரித்தார்கள். எங்களைப் பாடுபடுத்தியது மழை. புழுதி அடங்குவதற்காகக் கால்சியம் குளோரைடு தூவிய சாலை நனைந்ததும் வழவழவென்று ஆகிவிடுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போக என் கணவர் விரும்பவில்லை, நானும் சொல்லவில்லை.

369ஆவது கிலோமீட்டரில் ஈகிள் ப்ளெயின்ஸ். ஒரு ஹோட்டல், ஒரு பெட்ரோல் பங்க், ஒரு டயர் கடை. அவ்வளவுதான் ஊர். பெட்ரோல் லிட்டர் 2 டாலருக்கு மேல். குறை சொல்ல முடியாது, அங்கே வந்து சேரும் ஒவ்வொரு சொட்டும் நாங்கள் வந்த வழியில்தான் வந்திருக்கிறது. இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், இங்கே பாறை மேலே வந்திருப்பது. பனிக்குப் பயப்படாமல் கட்டடத்தைத் தரையில் வைக்கலாம். வெளியே போய்க் கம்பியால் தட்டினேன். கல்லில் பட்ட சத்தம் வேறு.

405ஆவது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டம். பலகையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம். காற்று கதவைத் திறக்க விடவில்லை. 465இல் யூகான் முடிந்து வடமேற்கு ஆட்சிப்பகுதி தொடங்குகிறது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். கிலோமீட்டர் கற்கள் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குகின்றன.

ரிச்சர்ட்சன் மலைகளிலிருந்து சாலை பீல் பீடபூமிக்கு இறங்குகிறது. அங்கே எதிர்ச் சரிவில் ஒரு குன்றின் பக்கவாட்டு பிய்ந்துபோயிருந்தது. லாடம் போன்ற வளைவில் மண் அறுந்து, நடுவில் சேறு கூழாக ஓடிக் கீழே ஓடை வரை நாக்கு நீட்டியிருந்தது. மேல் விளிம்பில் செடிகள் வேரோடு தொங்கின. பைனாகுலரை எடுத்தேன். அறுந்த சுவரில், மண்ணுக்குக் கீழே, சாம்பலும் கறுப்புமாக ஈரத்தில் மின்னும் ஒரு பட்டை. முதலில் பாறை என்று நினைத்தார் அவர். வெயில் திரும்பியதும் அந்தப் பட்டை பளிச்சிட்டது, அதிலிருந்து நீர் கோடு கோடாக வழிந்தது. பனி. நிலத்துக்குள் புதைந்து கிடந்த பழம்பனி. மழை அதிகமாகி நிலம் சூடேற ஏற இந்தப் பீடபூமியில் இப்படிச் சரிவுகள் திறந்துகொள்வதை ஆய்வாளர்கள் தொடர்ந்து பதிவு செய்துவருகிறார்கள். ஒரு முறை பனி வெளியே தெரிந்துவிட்டால் அது கரையக் கரையச் சுவர் பின்னால் நகர்ந்துகொண்டே போகும். தேடி வந்ததைப் பார்த்துவிட்டேன். மகிழ்ச்சி வரவில்லை.

பீல் ஆற்றைக் கடக்க ஃபெரி. இரு கரைக்கும் கட்டிய கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது, கட்டணம் இல்லை. மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பத்து நிமிடத்தில் அக்கரையில் இருந்தோம். ஆற்றின் மட்டம் மாற மாற இறங்குதுறையும் மாறுவதால் ஒரு புல்டோசர் சரளையைத் தள்ளித் தள்ளிக் கரையைப் புதிதாக அமைத்துக்கொண்டே இருக்கிறது.

சற்று தூரத்தில் ஃபோர்ட் மெக்ஃபர்சன், குவிச்சின் மக்களின் ஊர். தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் நான்கு போலீஸ் ரோந்துக்காரர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1910 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற இன்ஸ்பெக்டர் தலைமையில் நாய்வண்டிகளோடு இங்கிருந்து டாசனுக்குக் கிளம்பியவர்கள். வழியில் உதவிய குவிச்சின் வழிகாட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு கணவாய்க்குப் போகும் ஓடை எது என்று தெரியாமல் சுற்றி, நாய்களைக் கொன்று தின்று, திரும்பி வரும் வழியில் இந்த ஊருக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் இறந்துபோனார்கள். 1911 மார்ச்சில் தேடிப்போய் உடல்களைக் கண்டெடுத்தவர் டெம்ப்ஸ்டர். சாலைக்கு அவர் பெயர். இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக நடந்தவர்கள் அந்த ஓடையைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டியிருப்பார்கள். சாலைக்கு அவர்களில் ஒருவர் பெயரை வைத்திருக்கலாம் என்றுதான் அந்தக் கல்லறை முன் எனக்குத் தோன்றியது.

மெக்கன்சி ஆற்றில் இன்னொரு ஃபெரி. கனடாவின் மிக நீளமான ஆறு. பழுப்பு நீர், கரை தூரத்தில். மேட்டின்மேல் சீகேசிக் ஊரின் வெள்ளைத் தேவாலயம். அதற்கப்பால் இனுவிக் வரை காடு. ஸ்ப்ரூஸ் மரங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும் இடங்கள் வழியெல்லாம் வந்தன. டாசன் கட்டடங்களைச் சாய்த்த அதே காரணம்.

இனுவிக்கில் மூவாயிரம் பேர் சொச்சம் இருக்கிறார்கள். 1950களில் திட்டமிட்டுக் கட்டிய ஊர் என்பதால் டாசன் செய்ததை இவர்கள் செய்யவில்லை. வீடுகளெல்லாம் தூண்கள் மேல் நிற்கின்றன. தரைக்கும் வீட்டுக்கும் நடுவே குனிந்து போகலாம், குளிர்காற்றும் அப்படியே போகிறது. குடிநீர், கழிவுநீர்க் குழாய்களைப் புதைக்க முடியாது; உலோக உறை போட்ட பெட்டிகளில் வீட்டுக்கு வீடு தரைக்கு மேலேயே ஓடுகின்றன. ஓரிடத்தில் அவற்றைத் தாண்டிப் போக மேலே மரப்படி வைத்திருந்தார்கள். பனிவீட்டு வடிவில் வெள்ளையாக நிற்கும் தேவாலயத்தை 1960இல் கட்டி முடித்தவர் மோரிஸ் லாரோக். கட்டடக் கலை படிக்காத துறவி. சரளைப் படுகையின்மேல் கிண்ண வடிவக் கான்கிரீட் தளம் போட்டு அதன்மேல் குவிமாடத்தை ஏற்றியிருக்கிறார். வட்டமாகச் சுற்றி வந்து பார்த்தேன், என் கண்ணுக்கு ஒரு விரிசலும் படவில்லை. உள்ளே சிலுவைப்பாதை ஓவியங்கள் மோனா த்ராஷர் என்ற இனுவியலுவிட் பெண் சின்ன வயதில் வரைந்தவை.

ஊரின் இன்னொரு மூலையில் பசுமைக்குடில். பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளைத் தங்கவைத்த விடுதியின் ஐஸ் ஹாக்கி அரங்கமாக இருந்த கட்டடம். 1998இல் ஊர்க்காரர்கள் அதன் கூரையை மாற்றித் தோட்டமாக்கினார்கள். உள்ளே நுழைந்ததும் தக்காளி இலையின் வாசனை. கோடையில் ஐம்பது நாளுக்கு மேல் சூரியன் மறையாத ஊர் என்பதால் கீரை முறம் முறமாக விளைந்திருந்தது.

இனுவிக்கிலிருந்து கடல் வரை 138 கிலோமீட்டர். 2017 நவம்பரில்தான் இந்தச் சாலை திறந்தது. அதற்கு முன் கோடையில் படகு அல்லது விமானம், குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் வண்டி. சுமார் 30 கோடி டாலர் செலவு. நிலம் உறைந்திருக்கும் குளிர்காலத்திலேயே துணிவிரிப்பு போட்டு, உறைந்த மண்ணைக் கொட்டிக் கட்டினார்கள். இப்போதே ஓரங்கள் அங்கங்கே அமுங்கி வண்டி அலைமேல் போவதுபோல் இருந்தது. மரங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து ஒரு கட்டத்தில் நின்றே போயின. அதன்பின் ஏரிகள், ஏரிகள். தொடுவானத்தில் கூம்பாகக் குன்றுகள். பிங்கோ என்கிறார்கள். வற்றிய ஏரியின் அடியில் இருக்கும் நீர் உறைந்து பெருத்து, மேலே உள்ள நிலத்தைத் தூக்கியதில் உண்டான குன்றுகள். உள்ளே முழுக்கப் பனி. அவற்றில் பெரியதான இப்யுக் 49 மீட்டர் உயரம்.

டுக்டோயாக்டுக் ஊரில் சாலை ஆர்க்டிக் கடலில் போய் முடிகிறது. ஒரு பலகை, சிறு கூழாங்கல் கரை, ஒதுங்கிக் கிடந்த மெக்கன்சியின் மரக்கட்டைகள். அவர் காலை நனைத்தார்; நான் கரையோரம் நடந்தேன். ஊரின் நுனியில் கடலைத் தடுக்கப் பாறைகளைக் குவித்திருக்கிறார்கள். பாறை முடியும் இடத்தில் கரை செங்குத்தாக அறுந்திருந்தது. குனிந்து அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். மண்ணுக்குள் பனிக்கோடுகள், விரலிடுக்கில் நீர் இறங்கியது. ஒவ்வொரு அலையும் அடியை அரித்துக்கொண்டு போனது. அங்கே இருந்த சில வீடுகளை 2020இல் அப்படியே தூக்கி உள்ளே நகர்த்தினார்கள். காலியாகக் கிடந்த ஒரு மனையின் ஓரத்திலிருந்து கரை விளிம்புக்கு எட்டு எட்டு வைத்தேன், முடிந்துவிட்டது.

ஊருக்குள் திரும்பும் வழியில் ஒருவர் தன் வீட்டுக்கு அடியில் படுத்துத் திருகு ஜாக்கியைச் சுற்றிக்கொண்டிருந்தார். கோடையில் மண் இளகி ஒரு மூலை இறங்கிவிடுகிறதாம். வருடாவருடம் செய்யும் வேலை. என் கணவர் நின்றுவிட்டார். அவர் அப்பா கொத்தனார். ஏதும் கேட்காமல் குனிந்து உள்ளே போய், தரையில் கிடந்த ரசமட்டத்தை எடுத்து உத்தரத்தின் கீழே வைத்துப் பிடித்தார். குமிழி இடப்பக்கம் ஓடியது. கையால் இன்னும் என்று காட்டினார். அந்த மனிதர் அரைச் சுற்று திருகினார், மேலே வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் கிணுங்கியது. நடுவில் வந்து நின்றது குமிழி. அடுத்த மூலைக்கு நகர்ந்தார்கள். நான்காவது மூலைக்குப் போகுமுன் மழை பிடித்துக்கொண்டது. அதை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்காரர் ரசமட்டத்தை வாங்கி வைத்துவிட்டு, உள்ளே போய்ப் புகையில் காய்ந்த மீன் துண்டங்களைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.